ஃப்ரீலான்ஸர் வேலை ஏன் இழுக்கிறது? நிறுவனங்கள் சரிசெய்ய வேண்டிய 7 விஷயங்கள்!

"பொண்ணு என்ன பண்றா?"

"வீட்ல இருந்தே டிசைன் பண்ணிக் கொடுக்குறா."

"அப்படியா... இன்னும் வேலை எதுவும் அமையலையா?"

இப்படி ஓர் உரையாடல் நடக்காத தெருவே இன்று இருக்காது. டிசைனர், மொழிபெயர்ப்பாளர், சப்டைட்டில் எழுதுபவர், வீடியோ எடிட்டர், வெப்சைட் செய்பவர், கம்பெனிகளுக்குக் கணக்கு பார்த்துக் கொடுப்பவர் என்று வீட்டு ஹாலிலும் படுக்கையறை மூலையிலும் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் ஃப்ரீலான்ஸர்கள் ஏராளம். குழந்தை பிறந்த பிறகு ஆபீஸுக்குத் திரும்ப முடியாத பெண்கள், பெற்றோரைக் கவனிக்க ஊருக்கு வந்துவிட்டவர்கள், கல்லூரி முடித்த கையோடு இதில் இறங்கிய இளைஞர்கள் எனப் பலருக்கும் வீட்டு வாடகையும் இ.எம்.ஐ-யும் இந்த வருமானத்தில்தான் ஓடுகின்றன.

நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2020-21-ல் இந்தியாவில் சுமார் 77 லட்சம் பேர் 'கிக்' வேலைகளில் இருந்தார்கள். 2029-30-ல் இது 2.35 கோடியாக உயரும் என்பது அதன் கணிப்பு. டெலிவரி, டாக்ஸி வேலைகளில் இருப்பவர்களும் இந்தக் கணக்கில் வருவார்கள். நாம் இங்கே பேசப்போவது மூளையையும் லேப்டாப்பையும் மூலதனமாக வைத்து வேலை செய்பவர்களைப் பற்றி.

இவர்களுக்கு அட்வைஸ் சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. 'காலை 5 மணிக்கு எழுந்திரு', 'போனைத் தூர வை', 'டைம்டேபிள் போடு' என்று டிப்ஸ் குவிந்துகிடக்கிறது. எல்லாமே ஃப்ரீலான்ஸர் திருந்த வேண்டும் என்ற பாணியில்தான் இருக்கும். ஆனால், வேலை இழுத்துக்கொண்டே போவதற்கான காரணங்களில் பாதி, வேலை கொடுக்கும் நிறுவனத்தின் பக்கம்தான் இருக்கிறது. அதை ஃப்ரீலான்ஸரால் தனியாகச் சரிசெய்யவே முடியாது.

ஒரு பாக்கெட் சாம்பார் பொடி கணக்கு!

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஈரோட்டில் ஒரு சின்ன மசாலா கம்பெனி. தீபாவளிக்கு முன் புது சாம்பார் பொடியைக் கடைகளில் இறக்க வேண்டும். பாக்கெட் டிசைன் செய்யும் வேலை, மதுரையில் வீட்டிலிருந்தே பணிபுரியும் ஒரு டிசைனருக்குப் போகிறது. பேசிய தொகை 12,000 ரூபாய். 16 மணி நேர வேலை என்று அவர் கணக்குப் போடுகிறார். அதாவது, மணிக்கு 750 ரூபாய்.

கம்பெனியிடமிருந்து வந்த குறிப்பு இவ்வளவுதான்: "பளிச்சுன்னு இருக்கணும்." டிசைனர் செய்து அனுப்பிய பிறகுதான், பாக்கெட் அச்சடிக்கும் பிரஸ்ஸிலிருந்து 'டை-லைன்' வருகிறது. பாக்கெட் எங்கே மடியும், எங்கே ஒட்டும், எந்த இடத்தில் எதுவும் அச்சாகக் கூடாது என்று காட்டும் வரைபடம் அது. அளவு மாறியதால் எல்லாவற்றையும் மறுபடி அடுக்க வேண்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உரிம எண் ஒரு நாள் வருகிறது, சேர்மானப் பட்டியல் இன்னொரு நாள், சத்து விவரங்கள் அடுத்த வாரம். முதலாளிக்கு சிவப்பு பிடிக்கிறது, பார்ட்னருக்குப் பச்சை. சேல்ஸ் மேனேஜரோ 'எழுத்து சின்னதா இருக்கே' என்கிறார்.

கடைசியில் 30 மணி நேரம் ஆகிறது. மணிக்கு 750 ரூபாய் என்பது 400 ஆகிவிட்டது. அந்தப் பணமும் மூன்று மாதம் கழித்துத்தான் வருகிறது. கம்பெனிக்கு லாபமா என்றால் அதுவும் இல்லை. பாக்கெட் கடைக்கு வரும்போது தீபாவளி முடிந்துவிட்டது!

இதில் டிசைனரின் சோம்பேறித்தனம் எங்கேயும் இல்லை. கூடுதலாகப் போன 14 மணி நேரமும் கம்பெனியின் பழக்கவழக்கங்களால் போனவை. அந்தப் பழக்கங்களை மாற்ற நிறுவனங்கள் என்ன செய்யலாம்?

1. 'பளிச்சுன்னு' போதாது, ஒரு பக்கம் எழுதுங்கள்

'அறிவுசார் பணியாளர்' என்ற கருத்தைப் பிரபலமாக்கியவர் மேலாண்மை நிபுணர் பீட்டர் டிரக்கர். அவர்களின் உற்பத்தித்திறன் பற்றி 1999-ல் எழுதிய கட்டுரையில், முதலில் கேட்க வேண்டிய கேள்வியாக அவர் வைத்தது 'வேலை என்ன?' என்பதைத்தான். தொழிற்சாலையில் வேலை கண்ணெதிரே நகர்ந்து வரும். மூளை வேலையில் என்ன செய்ய வேண்டும் என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

அதனால், போனில் பேசியதோடு விடாமல் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இது யாருக்காக? எங்கே பயன்படப்போகிறது? அளவு என்ன? கட்டாயம் இருக்க வேண்டிய தகவல்கள் எவை? உங்களுக்குப் பிடித்த மாதிரிகள் இரண்டு, பிடிக்காதவை இரண்டு. கடைசித் தேதி எது? எது வந்தால் வேலை முடிந்ததாக அர்த்தம்?

ஒவ்வொரு வேலைக்கும் தனித் தேவைகள் உண்டு. மொழிபெயர்ப்பாளருக்கு, நிறுவனம் வழக்கமாகப் பயன்படுத்தும் சொற்களின் பட்டியல் வேண்டும். சப்டைட்டில் எழுதுபவருக்கு, எடிட்டிங் முழுவதும் முடிந்த வீடியோ வேண்டும். சப்டைட்டில் போட்ட பிறகு நடுவில் 10 விநாடி வெட்டினால், அதற்குப் பிறகு வரும் எல்லா வரிகளின் நேரமும் நகர்ந்துவிடும்.

2. கருத்து பத்துப் பேருடையதாக இருக்கலாம், சொல்பவர் ஒருவராக இருக்கட்டும்

முதலாளி ஒரு திருத்தம், மேனேஜர் ஒரு திருத்தம், மார்க்கெட்டிங்கிலிருந்து இன்னொன்று. மூன்றும் ஒன்றுக்கொன்று முரண். உள்ளே தீர்க்க வேண்டிய பஞ்சாயத்தை வெளியே இருப்பவர் தலையில் கட்டினால், யாரைத் திருப்திப்படுத்துவது என்ற குழப்பத்திலேயே அவருடைய நாள் போய்விடும்.

நிறுவனத்தில் ஒருவரைப் பொறுப்பாளராக நியமியுங்கள். எல்லோருடைய கருத்தையும் அவர் வாங்கி, முரண்களைப் பேசித் தீர்த்து, ஒரே பட்டியலாக அனுப்பட்டும். எத்தனை சுற்றுத் திருத்தங்கள் தொகையில் அடங்கும் என்பதையும் ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். இரண்டோ மூன்றோ என்று முடிவாகிவிட்டால், கருத்து சொல்பவர்களும் யோசித்துச் சொல்வார்கள்.

3. சாவியை முதல் நாளே கொடுங்கள்

புதிதாகச் சேர்ந்த ஊழியருக்கு மேஜை, கம்ப்யூட்டர், மெயில் ஐ.டி எல்லாம் தயாராக இருக்கும். ஃப்ரீலான்ஸருக்கோ கூகுள் டிரைவ் லிங்க் வரும், திறந்தால் 'அனுமதி இல்லை' என்று காட்டும். அனுமதி கேட்டால், கொடுக்க வேண்டியவர் லீவில் இருப்பார்.

லோகோ கேட்டால் வாட்ஸ்அப்பில் படமாக வரும். அது அளவு சுருக்கப்பட்டு, பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும். டிசைனருக்குத் தேவை, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் ஃபைல். தமிழில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. யூனிகோடுக்கு முந்தைய பழைய ஃபான்ட்டில் டைப் செய்த மேட்டரை அனுப்பினால், அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் கோழி கிறுக்கலாகத்தான் தெரியும். மாற்றும்போது எழுத்துகள் விட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. யூனிகோடில் கொடுத்தால் இந்த வேலையே மிச்சம்.

லோகோ, ஃபான்ட், நிறங்கள், பழைய மாதிரிகள், தொடர்புகொள்ள வேண்டியவரின் எண், பில் அனுப்ப வேண்டிய முகவரி. இவை எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்தால், அடுத்து வரும் எல்லா ஃப்ரீலான்ஸருக்கும் அதுவே போதும். ஆபீஸ் என்று ஒன்றே இல்லாமல் உலகம் முழுக்க ஆட்களை வைத்து இயங்கும் கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனம், தன் வேலைமுறைகளைக் கையேடாக எழுதி, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்திலேயே வைத்திருக்கிறது. அவ்வளவு பெரிதாகச் செய்யாவிட்டாலும், நான்கு பக்கக் கையேடு எந்தக் கம்பெனிக்கும் சாத்தியம்தான்.

4. 'ஒரு சின்ன சேஞ்ச்' இரவு 9 மணிக்கு வேண்டாமே!

ஊழியருக்கு ஆபீஸ் நேரம் உண்டு. ஃப்ரீலான்ஸருக்கு அப்படி எதுவும் கிடையாது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். காலையில் 'என்னாச்சு?', மதியம் நாலு நிமிட வாய்ஸ் மெசேஜ், இரவு 'ஒரு சின்ன சேஞ்ச்'.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகப் பேராசிரியர் குளோரியா மார்க், வேலைக்கு நடுவே வரும் குறுக்கீடுகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருபவர். தடைபட்ட வேலைக்கு ஒருவர் மீண்டும் திரும்ப 20 நிமிடங்களுக்கும் மேல் ஆகிறது என்பது அவருடைய ஆய்வுகளில் தெரியவந்த விஷயம். 2008-ல் அவர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. குறுக்கீடுகளுக்கு நடுவே வேலை செய்பவர்கள், விட்டதைப் பிடிக்க வேகத்தைக் கூட்டுகிறார்கள். அதற்கு விலையாக மன அழுத்தம், எரிச்சல், நேர நெருக்கடி எல்லாமே கூடுகின்றன.

மூன்று கம்பெனிகளுக்கு வேலை செய்யும் ஒருவரை மூன்று பேரும் நாளுக்கு மூன்று முறை கூப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதற்குத் தீர்வு எளிது. நாளுக்கு ஒரு நேரம், அல்லது வாரத்துக்கு இரண்டு நேரம் குறித்துக்கொண்டு அப்போது பேசுங்கள். மற்றதையெல்லாம் எழுதி அனுப்புங்கள். எழுதினால் தேடி எடுக்கலாம். வாய்ஸ் மெசேஜில் எந்த நிமிடத்தில் என்ன சொன்னோம் என்பது சொன்னவருக்கே ஞாபகம் இருக்காது. 'அவசரம்' என்ற வார்த்தையை உண்மையான அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. கையில காசு, வாயில தோசை

எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். முடித்த வேலைக்குப் பணம் கேட்டு மெயில் போடுவது, போன் செய்வது, 'அக்கவுன்ட்ஸ்ல கேட்டுச் சொல்றேன்' என்ற பதிலுக்குக் காத்திருப்பது... இதற்குச் செலவாகும் நேரத்துக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய வாரத்தில் பணம் வருமா என்று தெரியாத ஒருவரால், அடுத்த வேலையில் மனதை வைக்கவும் முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பது பல நிறுவனங்களுக்கும் தெரியாது, பல ஃப்ரீலான்ஸர்களுக்கும் தெரியாது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், சேவை அளிக்கும் குறு, சிறு நிறுவனங்களுக்கும் பொருந்தும். தனி ஒருவராக இருந்தாலும் 'உத்யம்' இணையதளத்தில் ஆதார், பான் விவரங்களைக் கொடுத்து இலவசமாகப் பதிவு செய்யலாம். பதிவு செய்தவருக்கு, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த தேதியிலும் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ரிசர்வ் வங்கியின் 'பேங்க் ரேட்'டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூடும் கூட்டு வட்டி! பணம் வராதவர்கள் இணையம் வழியாகவே புகார் செய்யலாம். வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே உத்யம் பதிவை முடித்துவிடுவது பாதுகாப்பு.

2023-ம் ஆண்டு நிதிச் சட்டம் இதற்கு இன்னொரு பூட்டும் போட்டது. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தைக் கெடுவுக்குள் தராமல், நிதியாண்டும் முடிந்த பிறகு கொடுத்தால், அதை அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வரியைக் குறைக்க முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்ட முடியும். ஆக, தாமதம் நிறுவனத்துக்கும் நஷ்டம்தான்.

டி.டி.எஸ் விஷயமும் உண்டு. தொகை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், தொழில்முறை சேவைக் கட்டணத்தில் பொதுவாக 10% வரி பிடித்தம் செய்வார்கள். பிடித்ததை அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் (மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30-க்குள்) அரசுக்குக் கட்டி, சான்றிதழும் தர வேண்டும். கம்பெனி கட்ட மறந்தால், ஃப்ரீலான்ஸரின் வரிக் கணக்கில் அந்தத் தொகை வராது. அவர் மறுபடி அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட்டைத் துரத்த வேண்டும்.

வெளிநாடுகளிலும் இதே பிரச்னைதான். அமெரிக்காவின் நியூயார்க் நகரம், இதற்கென்றே 'ஃப்ரீலான்ஸ் இஸ்ன்ட் ஃப்ரீ' என்ற சட்டத்தை 2017 மே மாதத்தில் நடைமுறைப்படுத்தியது. 800 டாலர் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள வேலைக்கு எழுத்துபூர்வ ஒப்பந்தம் கட்டாயம். தேதி எதுவும் குறிப்பிடவில்லை என்றால் வேலை முடிந்த 30 நாளில் பணம் தர வேண்டும்.

நிறுவனங்கள் உடனே செய்யக்கூடியது: தொடங்கும்போது ஒரு பங்கு முன்பணம், பெரிய வேலை என்றால் கட்டம் கட்டமாகப் பணம், மாதத்தில் எந்தத் தேதியில் பில்கள் தீர்க்கப்படும் என்ற தெளிவான தகவல்.

6. 'ஒரே ஒரு சாம்பிள்' இலவசமா?

'ஒரு சாம்பிள் செஞ்சு காட்டுங்க, பிடிச்சா வேலை தர்றோம்' என்பது வழக்கமான வசனம். ஏற்கெனவே செய்த வேலைகளைப் பார்த்து முடிவெடுப்பதே முறை. உங்கள் பொருளுக்கென்று புதிதாகச் செய்துதான் பார்க்க வேண்டும் என்றால், அதற்கும் ஒரு தொகை கொடுங்கள். வேர்ட்பிரஸ் டாட் காம் தளத்தை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம், வேலைக்கு ஆள் எடுக்கும்போது வைக்கும் சோதனை வேலைக்கே மணிக்கணக்கில் பணம் தரும் முறையைப் பின்பற்றியது. வேலையைப் பாதியில் நிறுத்தினாலும், அதுவரை ஆனதற்குப் பணம் உண்டு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

உரிமை பற்றியும் பேசிவிடுவது நல்லது. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, புகைப்படம், ஓவியம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, ஃப்ரீலான்ஸர் எழுதிய கட்டுரையின் முதல் உரிமையாளர் பொதுவாக அவரேதான். எழுத்துபூர்வமாக மாற்றிக் கொடுத்தால்தான் கம்பெனிக்கு வரும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். முதலிலேயே எழுதிக்கொண்டால் பின்னால் இரண்டு பக்கமும் நேரம் வீணாகாது.

7. வெளியாள் என்று ஒதுக்காதீர்கள்

வேலை வாங்கும்போது 'நம்ம டீம்', முடிந்ததும் ஒரு 'தேங்க்ஸ்' கூட இல்லை என்பது பலருடைய நிலைமை. அந்த டிசைன் அச்சானதா, விற்பனை எப்படி இருந்தது, வாடிக்கையாளர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு மெயில் அனுப்புங்கள். அடுத்த முறை இன்னும் நன்றாகச் செய்ய அதுதான் உதவும். ஊழியருக்குத் தானாகவே காதில் விழும் செய்தி, வீட்டில் இருப்பவருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

பெயர் போடக்கூடிய இடங்களில் பெயர் போடுங்கள். அடுத்த மாதம் வேலை இருக்குமா, இருக்காதா என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். திறமையானவருக்கு மாதம் இவ்வளவு மணி நேரம் என்று நிரந்தர ஏற்பாடு செய்துகொண்டால், அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் ஒவ்வொரு முறையும் புது ஆளுக்குப் பாடம் எடுக்கும் வேலை மிச்சம்.

இடமும் ஓர் உதவிதான். எல்லோர் வீட்டிலும் தனியறை இருக்காது. சென்னை கொளத்தூரில் தமிழக அரசு 2024 நவம்பரில் திறந்த 'முதல்வர் படைப்பக'த்தில், மாணவர்கள் படிக்கும் இடத்தோடு, கட்டணம் செலுத்தி உட்கார்ந்து வேலை செய்யும் இடமும் இருக்கிறது. உள்ளூரில் இருக்கும் ஃப்ரீலான்ஸருக்கு, ஆபீஸில் காலியாக இருக்கும் ஒரு மேஜையை வாரத்தில் ஒரு நாள் கொடுப்பது எந்த நிறுவனத்துக்கும் பெரிய செலவில்லை.

கம்பெனிக்கு இதில் என்ன லாபம்?

மறுபடி அந்த சாம்பார் பொடி பாக்கெட்டுக்கு வருவோம். ஒரு பக்கக் குறிப்பு எழுத ஒரு மணி நேரம். டை-லைனையும் உரிம எண்ணையும் சேர்மானப் பட்டியலையும் முதலிலேயே திரட்ட அரை நாள். முதலாளி, பார்ட்னர், மேனேஜர் மூவரும் உட்கார்ந்து நிறத்தை முடிவு செய்ய இன்னொரு மணி நேரம். இவ்வளவையும் முதல் வாரத்திலேயே செய்திருந்தால், டிசைனர் சொன்ன 16 மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும், பாக்கெட்டும் பண்டிகைக்கு முன் கடையில் தொங்கியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. நல்ல ஃப்ரீலான்ஸர்களுக்குப் பல வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். தெளிவாகச் சொல்லி, தேதி தவறாமல் பணம் கொடுக்கும் கம்பெனியின் வேலையைத்தான் அவர்கள் முதலில் கையில் எடுப்பார்கள். இழுத்தடிக்கும் கம்பெனிக்கு 'இந்த மாசம் டைட்டா இருக்குங்க' என்ற பதில்தான் கிடைக்கும்.

ஃப்ரீலான்ஸர்களே, ஒப்புக்கொள்ளும் முன் இந்த 7 கேள்விகளைக் கேளுங்கள்!

* எது முடிந்தால் வேலை முடிந்ததாக அர்த்தம்?

* திருத்தங்களைச் சொல்லப்போகும் ஒரே நபர் யார்?

* எத்தனை சுற்றுத் திருத்தம் இந்தத் தொகையில் அடங்கும்? அதற்கு மேல் என்றால் எவ்வளவு?

* தேவையான ஃபைல்களும் அனுமதிகளும் எந்தத் தேதியில் கிடைக்கும்? (அவை தாமதமானால் என் கடைசித் தேதியும் தள்ளிப்போகும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.)

* எந்த நேரத்தில் பேசலாம்?

* முன்பணம் எவ்வளவு, மீதி எந்தத் தேதியில்?

* பாதியில் நின்றால் என்ன தருவீர்கள், உரிமை யாருக்கு?

இவற்றை நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால், வேலை பேசி முடித்த அன்றே 'நாம் பேசியபடி' என்று தொடங்கி ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் கம்பெனி, பில் அனுப்பும்போது இன்னும் அதிகமாகவே சுளிக்கும். அதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லதுதானே!